டேசர் வேண்டாம்: சான் ஃபிரான்சிஸ்கோவின் 14 வருஷச் சண்டை

போலீஸ் துப்பாக்கிக்கு மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மாவிடம் போய், "இனிமே போலீசுக்கு ஆளைக் கொல்லாத ஆயுதம் ஒண்ணு கொடுக்கலாமா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? முதல்ல அதைச் செய்யுங்க என்றுதான் சொல்வார் என்று நினைப்போம். சான் ஃபிரான்சிஸ்கோவில் அப்படி ஒரு அம்மா வேண்டாம் என்றார். ஒரு தடவை கோபத்தில் சொல்லிவிட்டுப் போனவர் இல்லை. வருஷக்கணக்காக, கூட்டம் கூட்டமாகப் போய்ச் சொன்னார்.

இந்தப் பதிவு அந்த 'வேண்டாம்' பற்றியது. கொஞ்சம் நீளம்தான். காபி எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

அந்த அம்மாவின் பெயர் மேஷா இரிசாரி. மகன் இட்ரிஸ் ஸ்டெல்லி, வயது 23. 2001 ஜூனில் ஒரு ராத்திரி, நகரத்தின் நடுவில் இருக்கும் மெட்ரியான் வளாகத்து சினிமா தியேட்டரில் இட்ரிஸுக்கு மனநிலை குலைந்து போகிறது. கையில் ஒரு சின்னக் கத்தி. கூட வந்த தோழி 911-ஐக் கூப்பிடுகிறார். கவனியுங்கள், அவர் கூப்பிட்டது உதவிக்கு. தியேட்டரில் இருந்த மற்றவர்களையெல்லாம் வெளியேற்றிவிட்டார்கள். உள்ளே இட்ரிஸ் மட்டும் பாக்கி. போலீஸ் உள்ளே போனது. 20க்கும் மேற்பட்ட குண்டுகள்.

நகர நிர்வாகம் நஷ்டஈடு கொடுத்து வழக்கை முடித்தது. மேஷா மகன் பெயரில் ஒரு அமைப்பு ஆரம்பித்தார். போலீசால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்று 24 மணி நேரத் தொலைபேசி வைத்தார். இந்த மாதிரி ஆட்களை எப்படிக் கையாள்வது என்று போலீசுக்குத் தனிப் பயிற்சி கொடுங்கள் என்ற கோரிக்கைக்கும் அந்தச் சாவுக்குப் பிறகுதான் வேகம் வந்தது. அதே 2001ல் சான் ஃபிரான்சிஸ்கோ போலீசில் 40 மணி நேரப் பயிற்சி வகுப்பு ஒன்று தொடங்கியது.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் வரும் எல்லா வாதத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. காலியான தியேட்டர். ஒரே ஒரு ஆள். வெளியே போக வழி போலீஸ் கையில். யாருக்கும் அவசரம் இல்லை. அந்த இடத்தில் கையில் எந்த ஆயுதம் இருந்திருக்க வேண்டும் என்று போலீஸ் கேட்டது. எதுக்குய்யா உள்ளே போனீங்க என்று மேஷாவும் அவரோடு நின்றவர்களும் கேட்டார்கள்.

சரி, டேசர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. ஜாக் கவர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1970களில் இதைச் செய்தார். சின்ன வயதில் அவர் படித்த 'டாம் ஸ்விஃப்ட்' சாகசக் கதை வரிசையில் 1911ல் வந்த ஒரு புத்தகத்தில் மின்சாரத் துப்பாக்கி வரும். அந்தத் தலைப்பின் முதல் எழுத்துக்களைக் கோர்த்து, நடுவில் ஓர் எழுத்தை இஷ்டத்துக்குச் சேர்த்து, டேசர். நம்ம ஊர் மாயாவி காமிக்ஸ் படித்துவிட்டு ஒருத்தர் முத்திரை மோதிரம் செய்து போலீசுக்கு விற்ற மாதிரி :-)

கவர் செய்த டேசர் வெடிமருந்தால் இயங்கியதால் 1976ல் அமெரிக்க அரசு அதைத் துப்பாக்கிக் கணக்கில் சேர்த்துவிட்டது. வியாபாரம் படுத்தது. 1993ல் ஸ்மித் சகோதரர்கள் அரிசோனாவில் கம்பெனி ஆரம்பித்து, வெடிமருந்தை எடுத்துவிட்டு அழுத்தப்பட்ட நைட்ரஜனை வைத்தார்கள். சட்டப்படி அது இப்போது துப்பாக்கி இல்லை. 1999ல் எம்26, 2003ல் எக்ஸ்26 என்று மாடல்கள் வந்தன. அதற்கப்புறம் அமெரிக்க போலீஸ் நிலையங்களில் டேசர் பரவிய வேகம் செல்போன் பரவிய வேகம்தான். (கம்பெனி 2017ல் ஆக்ஸான் என்று பெயரை மாற்றிக்கொண்டது.)

வேலை செய்யும் விதம் இப்படி. விசையை அழுத்தினால் மெல்லிய வயரோடு இரண்டு முட்கள் பாய்கின்றன. ஒன்று நேராக, இன்னொன்று சுமார் 8 டிகிரி கீழ் நோக்கி. இரண்டும் உடம்பில் தைத்தால்தான் சர்க்யூட் முழுமையாகும். பெட்டியில் 50,000 வோல்ட் என்று போட்டிருக்கும், பயந்துவிடாதீர்கள். அது காற்று இடைவெளியைத் தாண்டுவதற்கான உச்சம். உடம்புக்குள் வருவது ஆயிரத்துச் சொச்சம் வோல்ட்தான், எக்ஸ்26ல் சராசரி மின்னோட்டம் சுமார் 2 மில்லி ஆம்பியர். ஆனால் நொடிக்கு 19 துடிப்புகள் வீதம் 5 நொடிக்கு அடிக்கும்போது தசைகள் மூளையின் பேச்சைக் கேட்காது. ஆள் அப்படியே மரக்கட்டை மாதிரி விழுவான். கையை ஊன்ற முடியாது. விசையை விடாமல் பிடித்திருந்தால் 5 நொடியோடு நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்ஜினியரிங் கண்ணால் பார்த்தால் அழகான வடிவமைப்பு. ரொம்பக் கிட்டே நின்று சுட்டால் இரண்டு முட்களும் பக்கத்துப் பக்கத்தில் தைத்து, வலி மட்டும் வரும், ஆள் விழமாட்டான். ரொம்பத் தள்ளி நின்றால் கீழ் முள் தவறிவிடும். தடிமனான கோட்டு போட்டிருந்தால் அதுவும் போச்சு. (ஜூலையிலும் ஜாக்கெட் போடும் ஊர் சான் ஃபிரான்சிஸ்கோ!) லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தானே போட்ட கணக்கில், 2015ல் டேசர் நினைத்தபடி வேலை செய்தது 53% தடவைதான். மீதி நேரத்தில் எதிரே நிற்பவனுக்கு வலியும் வெறியும் கூடியிருக்கும், போலீஸ்காரர் கை துப்பாக்கியைத் தேடும். எதிர்ப்பாளர்கள் இதை விடாமல் சொன்னார்கள்.

இப்போது சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் திரும்புவோம். அங்கே போலீசுக்கு மேலே 'போலீஸ் கமிஷன்' என்று ஒரு குழு உண்டு. போலீஸ் அல்லாத பொதுமக்கள்தான் உறுப்பினர்கள். எந்த ஆயுதம், எந்த விதி என்று முடிவு செய்வது அவர்கள்தான். முன்பு 5 பேர், எல்லாரும் மேயர் ஆட்கள். 2003 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் இதை மாற்றினார்கள். இனி 7 பேர், 4 பேர் மேயர் நியமனம், 3 பேர் சூப்பர்வைசர்கள் (நம்ம கவுன்சிலர்கள் மாதிரி) நியமனம். அந்த வாக்கெடுப்பின் பெயர் 'பிராபசிஷன் ஹெச்'. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கமிஷன் கூட்டம் யார் வேண்டுமானாலும் போகலாம். மைக் முன்னால் வரிசையில் நின்றால் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம் பேசலாம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது இல்லையா? டேசர் எதிர்ப்பு முழுக்க இந்த இரண்டு நிமிஷங்களின் மேல்தான் கட்டப்பட்டது.

2004ல் டேசர் பேச்சு எழுந்து அப்படியே அமுங்கியது. உண்மையான சூடு 2009ல்தான். அந்த வருஷம் வரிசையாக நடந்ததைப் பாருங்கள்.

2009 புத்தாண்டு பிறந்த சில மணி நேரத்தில், ஓக்லாண்டின் ஃப்ரூட்வேல் ரயில் நிலையத்தில் ஆஸ்கர் கிராண்ட் என்ற 22 வயது இளைஞனைப் பிளாட்பாரத்தில் குப்புறப் போட்டு, ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் முதுகில் சுட்டார். சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். கோர்ட்டில் அந்தப் போலீஸ்காரர் சொன்னது: "டேசரை எடுப்பதாக நினைத்துத் துப்பாக்கியை எடுத்துவிட்டேன்." 2010ல் கொலை இல்லை, கவனக்குறைவால் வந்த சாவு என்று தீர்ப்பு, 2 வருஷத் தண்டனை. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் இந்தக் கரையில் நிற்பவர்களுக்கு அது பக்கத்து வீட்டுச் சாவு. (12 வருஷம் கழித்து, 2021ல், மினசோட்டாவில் டாண்ட்டே ரைட் சாவிலும் இதே வார்த்தைகள் திரும்ப வந்தன.)

அதே 2009ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பைரன் லீ, ஸியான் செங் ஆகிய இதய மருத்துவர்களின் குழு ஒரு ஆய்வு வெளியிட்டது. டேசர் வாங்கிய கலிஃபோர்னியா போலீஸ் துறைகளில், வாங்கிய முதல் வருஷத்தில், போலீஸ் பிடியில் நடந்த திடீர் சாவுகள் முந்தைய 5 வருஷச் சராசரியைப் போல 6.4 மடங்கு. துப்பாக்கிச் சாவுகள் குறையவும் இல்லை. எதிர்ப்பாளர்கள் கையில் இது பெரிய ஆயுதம் ஆனது. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும்: அது முதல் வருஷத்துக் கணக்கு, அதற்கப்புறம் எண்கள் இறங்கின. போலீஸ் துறைகள் தாங்களே அனுப்பிய விவரங்களை வைத்துப் போட்டது. இன்னதால்தான் இது என்று அடித்துச் சொல்லும் வகை ஆய்வு இல்லை. மேடையில் '6 மடங்கு சாவு' என்று முழங்கியவர்கள் இந்த வாலை வெட்டிவிட்டுத்தான் முழங்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாலோடு சொன்னாலும் அது வலுவான எண்தான்.

அக்டோபரில் கம்பெனியே ஒரு அறிவிப்பு விட்டது. முடிந்தவரை நெஞ்சில் சுடாதீர்கள், கீழே குறி வையுங்கள் என்று. வழக்குகளில் இருந்து தப்பத்தான் இந்த ஆலோசனை, ஆபத்து என்று அர்த்தமில்லை என்கிற மாதிரி விளக்கம் வேறு. இதயத்தைப் பற்றி டாக்டர்கள் பேசியபோது கிண்டல் செய்தவர்களுக்குப் பதில் கம்பெனியின் காகிதத்திலேயே கிடைத்தது.

டிசம்பரில் கலிஃபோர்னியாவையும் உள்ளடக்கிய 9-வது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சீட் பெல்ட் போடாததற்காக நிறுத்தப்பட்ட ஓர் இளைஞன், தன்மேலேயே எரிச்சலில் காரை விட்டு இறங்கி, வெறும் உள்டவுசரோடு, போலீஸ்காரரிடம் இருந்து 20 அடிக்கு மேல் தள்ளி நின்று கத்திக்கொண்டிருந்தான். டேசரால் சுட்டார்கள். முகம் குப்புற விழுந்து முன்பற்கள் உடைந்தன. இப்படிப்பட்ட ஆளிடம் டேசர் என்பது அளவுக்கு மீறிய பலப்பிரயோகம் என்றது கோர்ட்.

இந்த நிலையில்தான் புதுப் போலீஸ் தலைவர் ஜார்ஜ் காஸ்கோன் வருகிறார். எங்கிருந்து? அரிசோனாவின் மீசா நகரத்தில் இருந்து. டேசர் கம்பெனியின் ஸ்காட்ஸ்டேலுக்குப் பக்கத்து ஊர்! வந்த கையோடு, 5 வருஷத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூடுகளை ஆராயச் சொன்னார். டேசர் இருந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு சூடுகளைத் தவிர்த்திருக்கலாம் என்று அறிக்கை வந்தது.

இந்த வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. மூன்றில் ஒரு பங்கு என்றால் உயிரோடு இருந்திருக்கக்கூடிய ஆட்கள். கமிஷன் கூட்டத்தில் எதிர்ப்பாளர்கள் வேறொரு கணக்கைக் கேட்டார்கள். துப்பாக்கியை எடுத்திருக்க வேண்டிய இடத்தில் டேசரை எடுத்தால் லாபம். ஆனால் வாயால் பேசியிருக்க வேண்டிய இடத்தில், பொறுமையாகக் காத்திருக்க வேண்டிய இடத்தில் டேசரை எடுத்தால்? அதை யார் எண்ணுகிறார்கள்? மற்ற ஊர்களில் டேசர் எடுத்த சம்பவங்களில் பெரும்பகுதி துப்பாக்கியே எடுத்திருக்க முடியாத சம்பவங்கள். உள்டவுசர் இளைஞனை யாராவது துப்பாக்கியால் சுட்டிருப்பார்களா? கையில் இருக்கிற கருவி, அதற்கான சந்தர்ப்பத்தையும் உண்டாக்கிக்கொள்ளும் என்றார்கள். ஆம்னஸ்டி கணக்குப்படி 2001ல் இருந்து 2008 ஆகஸ்ட் வரை டேசரால் சுடப்பட்ட பிறகு அமெரிக்காவில் செத்தவர்கள் 334 பேர். எல்லாச் சாவுக்கும் டேசரே காரணம் என்று ஆம்னஸ்டி சொல்லவில்லை. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் கையில் ஆயுதம் எதுவும் இல்லாதவர்கள்.

இந்தச் சாவுகளில் பலவற்றுக்குப் பிரேத அறிக்கையில் 'எக்சைட்டட் டெலிரியம்' என்று எழுதினார்கள். அதாவது ஆள் வெறி தலைக்கேறித் தானாகவே செத்துவிட்டானாம். அமெரிக்கப் பிரேதப் பரிசோதனை மருத்துவர்கள் சங்கம் 2023ல் அந்தக் காரணத்தையே கைவிட்டது. அதே வருஷம் கலிஃபோர்னியா சட்டம் போட்டுத் தடை செய்தது. அப்போது மைக் முன்னால் நின்றவர்களுக்கு இந்த ஆறுதல் இல்லை.

2010 மார்ச். கமிஷன் ஓட்டுப் போட்டது. 4-3. டேசர் தோற்றது. ஒரே ஒரு ஓட்டு! 2003ல் அந்த 3 இடங்களை மாற்றியிருக்காவிட்டால் இந்த முடிவு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதோடு நின்றிருந்தால் இதை ஒரு சாதாரண 'தடுத்து நிறுத்தினோம்' கதையாகத்தான் எழுதியிருப்பேன். எனக்குப் பிடித்த பகுதி இதற்கப்புறம் வருகிறது. 2011 ஜனவரியில், சக்கர நாற்காலியில் இருந்த, கையில் கத்தி வைத்திருந்த ஒருவரைப் போலீஸ் சுட்டது. வீடியோ வெளியே வந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். டேசர் கோரிக்கை மறுபடி கிளம்பியது. எதிர்ப்பாளர்கள் இந்த முறை வெறும் 'வேண்டாம்' என்று போகவில்லை. 'மெம்ஃபிஸ் மாதிரி'யைக் கொண்டுபோனார்கள்.

மெம்ஃபிஸில் 1987ல் மனநிலை பாதிக்கப்பட்ட ஓர் இளைஞனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. இட்ரிஸ் கதைதான், 14 வருஷம் முன்னால். அடுத்த வருஷமே அங்கே போலீஸ், மனநலப் பணியாளர்கள், நோயாளிகளின் குடும்பங்கள் மூன்று தரப்பும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். விருப்பப்பட்டு வரும் போலீஸ்காரர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி. இப்படிப்பட்ட அழைப்பு வந்தால் அவர்கள்தான் போக வேண்டும். போனதும் செய்ய வேண்டியது: இடைவெளி விட்டு நில், நேரம் எடுத்துக்கொள், ஒரே ஆள் பேசு. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2001ல் வந்தது வகுப்பு மட்டும்தான். வகுப்பு முடித்த போலீஸ்காரர் எங்கே டூட்டியில் இருக்கிறார், அழைப்பு வரும்போது அவரை அனுப்புகிறார்களா என்று யாரும் கவலைப்படவில்லை. (நம்ம ஆபீஸ்களில் நடக்கும் டிரெய்னிங் மாதிரியே. சர்டிஃபிகேட் வாங்கி மேஜையில் வைத்துவிட்டுப் பழையபடி வேலை.) ஆக, பயிற்சியோடு அனுப்பும் முறையையும் மாற்றுங்கள் என்பது கோரிக்கை. 2011 பிப்ரவரியில் கமிஷன் இதற்கு ஒப்புக்கொண்டது. ஏஞ்சலா சான் என்ற கமிஷனர் இதற்காக உள்ளே இருந்து தள்ளினார். அதே மாதம் டேசரை 'ஆராயவும்' 6-1 என்று அனுமதி கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கையில் இது, இன்னொரு கையில் அது.

அடுத்த தலைவர் கிரெக் சூர் புத்திசாலித்தனமாக ஒரு திட்டத்தோடு வந்தார். எல்லாருக்கும் டேசர் வேண்டாம், இந்த மனநலப் பயிற்சி முடித்த நூறு பேருக்கு மட்டும் கொடுப்போம், சோதனை முயற்சி என்றார். கேட்கும்போது நியாயமாக இருக்கிறது. ஆனால் இதைவிட எரிச்சலூட்டும் திட்டத்தை எதிர்ப்பாளர்களுக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது. பேசிச் சமாளிக்கத் தெரிந்தவர் என்று பொறுக்கியெடுத்த ஆட்கள் கையிலேயே மின்சாரத்தைக் கொடுக்கிறாயே! 2013 தொடக்கத்தில் கருத்துக் கேட்க ஊருக்குள் கூட்டங்கள் நடத்தினார்கள். வந்து பேசியவர்கள் பெரும்பாலும் எதிர்த்துத்தான் பேசினார்கள். ஏப்ரலில் சூர் திட்டத்தைத் திரும்பப் பெற்றார்.

வெற்றி என்று கொடி பிடிக்கிற மனநிலை எனக்கு இல்லை. டேசர் இல்லாத ஊரிலும் ஆட்கள் சுடப்பட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். 2014 மார்ச்சில் பெர்னல் ஹைட்ஸ் குன்றின் மேல் அலெக்ஸ் நியெட்டோ என்ற இளைஞனைக் கொன்றார்கள். போலீஸ் தரப்பில் 59 குண்டுகள். அவர் வேலை பார்த்தது செக்யூரிட்டியாக. இடுப்பில் இருந்தது வேலைக்காக வைத்திருந்த டேசர். அதைத் துப்பாக்கி என்று நினைத்தோம் என்றது போலீஸ். 2016ல் ஜூரி போலீஸ் மேல் தப்பில்லை என்றது. டேசர் இல்லாத போலீஸ், டேசர் வைத்திருந்தவனைச் சுட்டது. இதைக் கதையாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

2015 டிசம்பரில் பேவியூ பகுதியில் மரியோ வுட்ஸ். கையில் கத்தியோடு சுவரை ஒட்டி நடந்துகொண்டிருந்தவரைப் பல போலீஸ்காரர்கள் சூழ்ந்து நின்று சுட்டதை ஊரே வீடியோவில் பார்த்தது. டேசர் இருந்திருந்தால் என்று சூர் மறுபடி ஆரம்பித்தார். 2016 ஏப்ரலில் மிஷன் போலீஸ் நிலையத்து வாசலில் 5 பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள், 17 நாள். அவர்கள் கேட்டது சூரின் பதவி. மே மாதம் இன்னொரு துப்பாக்கிச் சூடு நடந்த அன்றே சூர் ராஜினாமா செய்தார்.

அக்டோபரில் மத்திய நீதித்துறை 272 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. அதில் டேசரைத் தீவிரமாகப் பரிசீலிக்கவும் என்று ஒன்று. இதுவரை மேயர், போலீஸ் சங்கம் என்று சண்டை போட்டவர்களுக்கு இப்போது எதிரே ஒபாமா அரசின் சீர்திருத்த அறிக்கை. அந்த அறிக்கையின் மற்ற 271க்கு ஆதரவாகவும் இந்த ஒன்றுக்கு எதிராகவும் பேச வேண்டிய நிலை. 2017 நவம்பர் 3, வெள்ளிக்கிழமை. கூட்டத்தில் கோஷம், அமளி, கூட்டத்தை நிறுத்தி இடம் மாற்றி ராத்திரி ஓட்டெடுப்பு. 4-3. இந்த முறை டேசர் ஜெயித்தது. 2018 டிசம்பரில் இருந்து கொடுக்கலாம் என்று முடிவு.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் போலீஸ் சங்கத்தின் பேராசை என்பேன்.

கமிஷன் 2018 மார்ச்சில் எழுதிய விதி கட்டுப்பாடானது. தாக்க வருகிறவர், ஆபத்து உண்டாக்குகிறவர் மேல்தான் டேசர். சங்கத்துக்கு இது போதவில்லை. கையெழுத்து வாங்கி ஜூன் தேர்தலில் மக்கள் வாக்கெடுப்புக்கு ஒரு தனி விதியைக் கொண்டுவந்தது. 'தீவிரமாக எதிர்ப்பு காட்டுகிறவர்' மேலேயே பயன்படுத்தலாம். கமிஷனோ போலீஸ் தலைவரோ இதை மாற்ற முடியாது. மறுபடி வாக்கெடுப்பு வைக்க வேண்டும், அல்லது சூப்பர்வைசர்களில் ஐந்தில் நான்கு பங்கு சேர வேண்டும். இதன் பெயர், ஆமாம், பிராபசிஷன் ஹெச்! பதினஞ்சு வருஷம் முன்னால் கமிஷனுக்குப் பலம் கொடுத்த அதே எழுத்து, இப்போது கமிஷன் கையைக் கட்ட வந்தது. (எழுத்துக்கள் சுழற்சி முறையில் வரும், சதி எதுவும் இல்லை.)

விளைவைப் பாருங்கள். டேசர் வேண்டும் என்று சொன்ன போலீஸ் தலைவர் பில் ஸ்காட் இதை எதிர்த்தார். 2010ல் டேசருக்காக மல்லுக்கட்டிய அதே காஸ்கோன், இப்போது மாவட்ட அரசு வழக்கறிஞர், எதிர்த்தார். இடதுசாரி இளைஞர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். 14 வருஷமாக மைக் முன்னால் இரண்டு நிமிஷம் பேசியே பழகிய கூட்டத்துக்கு முதல்முறையாக ஊர் முழுக்கப் பேச ஒரு காரணம் கிடைத்தது. ஜூன் 5 அன்று 60 சதவீதத்துக்கும் மேல் 'இல்லை' என்று ஓட்டுப் போட்டார்கள்.

சட்டப்படி இது சங்கத்தின் விதிக்கு விழுந்த அடி மட்டும்தான். கமிஷனின் 2017 அனுமதி அப்படியே இருந்தது, கட்டுப்பாடான விதியும் தயாராக இருந்தது. வாங்கப் பணம் மட்டும் பாக்கி. அந்தப் பணத்துக்குச் சூப்பர்வைசர்கள் தலையாட்ட வேண்டும். தேர்தல் முடிவின் சூடு ஆறுவதற்குள், அதே ஜூன் மாதம் பட்ஜெட் வந்தது. எதிர்ப்பாளர்கள் அங்கேயும் போய் வரிசையில் நின்றார்கள். நிதிக் குழு டேசருக்கான தொகையை எடுத்துவிட்டது.

2018 டிசம்பர் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ போலீஸ்காரர்கள் டேசர் இல்லாமல்தான் ரோந்து போனார்கள்.